வெள்ளிச் சக்கரமும் புத்தனும்

நம் குடியரசு தன் இளமையில் வெளியிட்ட சில்லறையில் வெள்ளி கிடையாது. 1950 இல் வந்த ரூபாயே நிக்கல் நாணயம்தான். அமெரிக்கக் குடியரசோ 1792 இலேயே வெள்ளி 'அரை டைம்' அடித்தது. அதன் எடை ஏறக்குறைய 1.35 கிராம். அதைத் தேடிப் பொருள் செலவிடும் நண்பர்கள் நம்முள்ளும் உளர். ஆனால் அதனினும் நுண்ணிய வெள்ளிக்காசுகள் நம் பாட்டிமாரின் பெட்டிகளில் கிடக்கின்றன என்பதை எத்தனை பேர் அறிவர்?

பாலக்காட்டுப் பக்கத்தையும் இடுக்கி மலைகளையும் எண்ணிப் பாருங்கள். பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. அங்கே ரூபாய், அணா, பைசாக் கணக்கு. அருகேயுள்ள சிற்றூர் கொச்சி அரசுக்கு உரியது. அதன் பழைய வெள்ளிக்காசு புத்தன். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை, அங்கே சக்கரம். மலையேறினால் கணக்கே மாறிவிடும்! 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், அதாவது 448 காசு.

வெள்ளிச் சக்கரத்தின் குறுக்களவு கால் அங்குலம் அளவே. எடை அரைக் கிராமுக்கும் குறைவு. ஊதினால் பறக்குமோ என்று அஞ்சத் தோன்றும். இதை ஒவ்வொன்றாக எண்ணுவது ஆகிற காரியமா? அதற்கென்றே ஒரு மரப்பலகை செய்தார்கள். அதில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள். குழிக்கு ஒரு காசுதான் அமரும். ஒரு பிடி காசைப் பலகைமேல் கொட்டி மெல்ல அசைத்து, மிகுந்ததைக் கையால் ஒதுக்கிவிட்டால், குழிகளின் தொகையே காசின் தொகை. காசைவிட இப்பலகையே அரிய பொருள் என்பது என் கருத்து.

பழைய சக்கரத்தில் எழுத்தும் இல்லை, ஆண்டும் இல்லை; புள்ளிகளும் கோடுகளுமே உண்டு. எனவே எந்த மன்னர் காலத்தது என்று துணிவது எளிதன்று. புத்தனில் சங்கு இருக்கும். ஆனால் திருவிதாங்கூரின் சின்னமும் சங்கே. ஆதலால் சங்கைக் கண்டவுடன் கொச்சிக் காசு என்று முடிவு கட்டலாகாது. இருபதாம் நூற்றாண்டில் வந்த சக்கரம் செம்பாலானது. வெள்ளியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டா.

சேர்க்கத் தொடங்குவோர் முதலில் செய்யத்தக்கது ஒன்று: காசைப் புளியிட்டுத் தேய்க்காதிருத்தல். இத்துணை மெல்லிய வெள்ளியில் ஒரு தேய்ப்பு ஒரு கோட்டையே அழித்துவிடும். உரைகல்லில் உரைப்பதும் அவ்வாறே. கருமை படிந்திருந்தால் படிந்தே இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தனிக் காகித உறையிலிட்டு, எந்த ஊரில், எந்த வீட்டில், எவ்வாறு வந்தது என்று உறைமேல் எழுதுங்கள். எழுத்தில்லாத காசுக்கு இக்குறிப்பே சாசனம். சிற்றூர் வீடொன்றில் சக்கரம் கிடைத்தால், எல்லை தாண்டிய வாணிகமோ மணவுறவோ அதன் பின்னே இருக்கலாம். ஊர்ப்பெயர் தொலைந்தால் அதை வினவவும் வழியில்லை.

நிலத்தைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தவை வேறு வகை. கேரளத்தின் 1968 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அவற்றைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும்.

வீட்டுக்காசுக்கு அத்தடை இல்லை. அதற்குப் பகை தட்டான் உலைதான். கொலுசுக்கு வெள்ளி குறைந்தால் ஒரு பிடி சக்கரம் உருகிவிடும். இவ்விடுமுறையில் ஊர் செல்வோர் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பாட்டியிடம் கேளுங்கள்; காசு தர மனமில்லையேல், அது வந்த கதையையேனும் எழுதிக்கொண்டு வாருங்கள்.