எண் முதலில் கைக்கு வரட்டும்

அன்பு மகளுக்கு,

ராஜபாளையத்தில் அங்கன்வாடி வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. "இருபது வரைக்கும் கடகடவென்று சொல்லுகிற பிள்ளை, 'மூணு எடுத்துக் கொடு' என்றால் கை நிறைய அள்ளித் தருகிறதே பெரியம்மா" என்று எழுதியிருந்தாய். நீ கவனித்தது சரி. அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்கு எண்கள் வெறும் பாட்டுதான்.

எண்ணும்போது ஒரு பொருளுக்கு ஓர் எண்தான் சொல்ல வேண்டும். எதையும் விடக்கூடாது, எதையும் இரண்டு தடவை தொடக்கூடாது. கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பதும் விளங்க வேண்டும். கெல்மன், கேலிஸ்டெல் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட நூலில் இவற்றை எண்ணுவதன் அடிப்படைகளாக விளக்கியிருக்கிறார்கள். நம் ஆச்சிமார் பல்லாங்குழியில் குழிக்கு ஒரு முத்தாகப் போடவைத்துப் பழக்கியதும் இதைத்தான்.

மையத்துக்கு வரும் முட்டை அட்டையை ஐந்து குழியாக வெட்டிக்கொள். குழிக்கு ஒரு புளியங்கொட்டை போடச் சொல். பிறகு அதே ஐந்தையும் தரையில் தள்ளித்தள்ளிப் பரப்பி, "இப்ப எத்தனை?" என்று கேள். கூடிவிட்டது என்றுதான் பல பிள்ளைகள் சொல்லும். உடனே திருத்தாதே. மறுபடி குழியில் போட்டுப் பார்க்கட்டும். வாயில், மூக்கில் போட்டுக்கொள்ளும் வயதுப் பிள்ளைகளுக்குக் கொட்டை வேண்டாம்; கொட்டாங்குச்சி, டம்ளர், கரண்டி போதும்.

உங்கள் ஊரில் மில்லுக்குப் போகும் அம்மா அப்பாக்கள் நிறையப் பேர். நூல் சுற்றிய காலி கோன்கள் கிடைத்தால் வாங்கி வை. நிறம் பார்த்துப் பிரிக்கலாம், ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி அடுக்கலாம், எந்த அடுக்கு உயரம் என்று ஒப்பிடலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் ஆண்டாள் கோயில் பக்கம் பூக்கடையில் சற்று நின்று பார். முழம் போடுவது பிள்ளைகளுக்கு அருமையான பாடம். ஒரு கயிற்றை உன் கையால் அள. அதையே ஒரு பிள்ளையையும் அளக்க விடு. உனக்கு மூன்று முழம் வந்தது அதற்கு ஐந்து வரலாம். ஏன் என்று அவர்களே பேசிக் கண்டுபிடிக்கட்டும். ஸ்கேல் எதற்கு என்பது பின்னாளில் எளிதாகப் புரியும். இரண்டு வெள்ளை, ஒரு பச்சை, மறுபடி இரண்டு வெள்ளை என்று காகிதப்பூ கோர்த்து, "அடுத்து என்ன வரும்?" என்றும் கேள். வரிசையின் ஒழுங்கைப் பிடிப்பதும் கணக்குதான்.

"எழுத வைக்க மாட்டீங்களா டீச்சர்?" என்று தாய்மார் கேட்பார்கள். வருத்தப்படாதே, பிள்ளையின் படிப்பு மேல் உள்ள அக்கறையில் கேட்கிறார்கள். ஒருநாள் அவர்களை உட்காரவைத்து, அவர்கள் முன்னாலேயே பிள்ளையிடம் நாலு கரண்டி எடுத்துவரச் சொல். வீட்டிலும் தட்டு வைக்கும்போது ஆளுக்கு ஒன்று எண்ணி வைக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள். நாலு என்றால் எவ்வளவு என்று கைக்குத் தெரிந்த பிள்ளைக்கு 4 என்று எழுதக் கற்றுக்கொடுக்க அதிக நாள் ஆகாது. அதுவரை சிலேட்டுக்கு அவசரம் காட்டாதே.

அன்புடன்,
பெரியம்மா