பங்குதாரர் இறந்தால் கடை உரிமம் என்னாகும்?

கோபாலபுரத்தில் லாயிட்ஸ் சாலையை ஒட்டிய தெருவொன்றில் நானும் நண்பரும் கூட்டாக மருந்துக்கடை நடத்திவந்தோம். அவர் மாரடைப்பில் காலமானார். காரியம் முடிவதற்குள்ளேயே வங்கியிலிருந்தும் மொத்த வியாபாரிகளிடமிருந்தும் கேள்விகள் வர ஆரம்பித்துவிட்டன. இருவர் ஃபர்ம் நடத்தும் எவருக்கும் இது நேரலாம் என்பதால் நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, ஒரு பங்குதாரர் இறந்ததும் ஃபர்ம் கலைந்துவிடும். எங்கள் டீடில் ‘மரணத்தால் நிறுவனம் கலையாது, வாரிசு சேர்ந்துகொள்வார்’ என்றே எழுதியிருந்தது. வக்கீல் அதைப் படித்துவிட்டு, “மூணு பேர் இருந்திருந்தா இது செல்லும் சார். ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா, மிச்சம் இருக்கிற ஒருத்தரை எப்படி ஃபர்ம்னு சொல்றது?” என்றார். சேத் கோவிந்த்ராம் சுகர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1965இலேயே இப்படித்தான் தீர்ப்பளித்திருக்கிறது. வாரிசு வந்து சேர்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது புது ஃபர்ம்.

மருந்துக்கடைக்கு இதில் தனிக் கெடு உண்டு. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் 20, 21 எண் படிவ உரிமங்களின் நிபந்தனைகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஃபர்மின் அமைப்பு மாறினால், மாறிய நாளிலிருந்து அதிகபட்சம் மூன்று மாதம்தான் பழைய உரிமம் செல்லும். அதற்குள் புது அமைப்பின் பெயரில் புது உரிமம் வாங்கியாக வேண்டும். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கெடுவோ இறந்த நாளிலிருந்தே ஓடுகிறது. ஆகவே மாநகராட்சி இணையதளத்தில் இறப்புச் சான்றிதழை இறக்கிக்கொண்டு, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு முதலில் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. கடையின் பதிவுபெற்ற மருந்தாளுநர் நண்பர்தான். ஹெச்1 பதிவேட்டில் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருக்கும். மருந்தாளுநர் மேற்பார்வை இல்லாமல் மருந்துச்சீட்டுக்கு மருந்து கொடுப்பது குற்றம். வேறொருவர் பணியில் சேரும்வரை அந்த விற்பனையை நிறுத்தினேன். வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டதுதான் சரி.

புது உரிமம் என்றால் ஆய்வும் புதிதாக நடக்கும். ஆய்வாளர் டேப் வைத்துத் தரையை அளந்தார். சில்லறைக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் வேண்டும். இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜின் வெப்பநிலையைப் பார்த்தார். வாடகை ஒப்பந்தம் புது ஃபர்ம் பெயரில் இருக்கிறதா என்று கேட்டார். அதை முன்கூட்டியே மாற்றி எழுதி வாங்கியிருந்ததால் தாமதம் இல்லை.

புது ஃபர்முக்குப் புது பான், புது ஜிஎஸ்டி எண். பழைய கணக்கில் நிற்கும் உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். பழைய பதிவை ரத்து செய்வதற்கு முன்பே இதைச் செய்யச் சொன்னார் ஆடிட்டர்.

வங்கி கேஷ் கிரெடிட் கணக்கை நிறுத்தியபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. நிறுத்தாவிட்டால், புதிதாகக் கட்டும் பணம் பழைய கடனைக் கழித்துக்கொண்டே போகும்; இறந்தவரின் சொத்திலிருந்து கடனை வசூலிக்கும் வழி வங்கிக்கு அடைபட்டுப்போகும். லண்டனில் ஒரு வங்கிப் பங்குதாரர் இறந்ததால் எழுந்து, 1816இல் தீர்ப்பான கிளேட்டன் வழக்கிலிருந்து வந்த விதி அது.

எல்லாவற்றையும்விட முக்கியம் நண்பரின் குடும்பம். “தம்பி, கடை அவர் பேர்லயே நடக்கட்டும், எனக்குக் கணக்கு மட்டும் காட்டுங்க” என்றார் அண்ணி. நம்பிக்கையில் சொன்னது என்றாலும் வாய்ப்பேச்சாக விடக் கூடாது. கணக்குத் தீர்க்காமல் இறந்தவரின் முதலை வைத்தே வியாபாரம் நடத்தினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அந்த முதலுக்கு உரிய லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கும் உரிமை வாரிசுகளுக்கு உண்டு என்கிறது 37ஆம் பிரிவு. இறந்த தேதி வரை கணக்கை முடித்து, சரக்கை எண்ணி, குட்வில்லுக்கும் மதிப்புப் போட்டு அண்ணியிடம் எழுத்தில் கொடுத்தோம். பிறகு அவரே விரும்பிப் புது ஃபர்மில் பங்குதாரராகச் சேர்ந்தார்.

இரண்டு பேர் மட்டும் உள்ள ஃபர்ம் உங்களுடையது என்றால், இருவரும் நலமாக இருக்கும்போதே நம்பிக்கையான மூன்றாவது ஆளைச் சிறு பங்குக்காவது சேர்த்து, மரணத்தால் ஃபர்ம் கலையாது என்று டீடில் எழுதி, பதிவாளரிடமும் பதிந்துவிடுங்கள். அப்படிச் சேர்க்கும்போதும் மருந்து உரிமத்தைப் புதிதாக எடுக்கத்தான் வேண்டும். பிற்பாடு ஒருவர் இறந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும். ஆனால் பானும் ஜிஎஸ்டி எண்ணும் அப்படியே தொடரும். பங்குதாரர் மாற்றத்தை 15 நாளுக்குள் ஜிஎஸ்டியில் தெரிவித்தால் போதும். இரண்டாவது மருந்தாளுநரையும் இப்போதே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.