குழந்தைகளிடம் அமைதியைத் தேடிய அம்மையார்



அமைதி என்றால் என்ன? இவ்வினாவை வகுப்பில் எழுப்பினால், மாணவர்கள் சிறிது நேரம் விழித்திருந்துவிட்டுச் 'சண்டை இல்லாமல் இருப்பது' என்று விடையிறுப்பர். பெரியவர்களாகிய நாமும் அதற்குமேல் எதுவும் கூறிவிடுவதில்லை. ஆனால் இவ்விடை போதாது என்று தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் நாடு நாடாகச் சென்று எடுத்துரைத்த கல்வியாளர் ஒருவர் இருந்தார். வலியவன் மெலியவனை அடக்கி வென்றபின் நிலவும் ஓய்வுக்கு அமைதி என்று பெயரிடலாகாது என்பது அவர் கருத்து. போரைத் தவிர்ப்பது அரசியலாரின் பணி. அமைதியைக் கட்டி எழுப்புவதோ கல்வியின் பணி என்று அவர் பிரித்துக் காட்டினார். அவர்தாம் மரியா மாண்டிசோரி அம்மையார். பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் அவர் பெயரைப் பலர் கண்டிருக்கலாம். அப்பெயருக்குரியவர் உலக அமைதிக்காகப் பட்ட பாட்டினை அறிந்தோர் சிலரே.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதை ஊரார் ஏளனம் செய்த அக்காலத்தில், ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1896ஆம் ஆண்டு மருத்துவர் பட்டம் பெற்றார். முதலில் அவர் கவனித்தது மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளையே. கைக்கு வேலை கொடுத்தால் அறிவு விழித்துக்கொள்கிறது என்பதை அவர்களிடமே கற்றார். அவர்களே இவ்வளவு முன்னேறக் கூடுமாயின், நல்ல நிலையில் உள்ள குழந்தைகள் பள்ளிகளில் ஏன் மந்தமாகக் கிடக்கின்றனர் என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் எழுந்தது.

ஐயத்தைத் தீர்க்கும் வாய்ப்பு ரோமாபுரியின் சான் லோரன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் கிட்டியது. அங்கே தாயும் தந்தையும் விடியற்காலையில் வேலைக்குச் சென்றுவிடுவர். எழுத்தறியாக் குடும்பங்கள் பல. தனித்து விடப்பட்ட சிறு பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடியாடிச் சுவர்களைக் கெடுத்தனர். கட்டடத்தைப் பராமரித்த சங்கத்தினர் சுவரைக் காப்பாற்றும் நோக்குடன், அப்பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி அம்மையாரைக் கேட்டுக்கொண்டனர். 1907ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள், ஏறத்தாழ 50 குழந்தைகளுடன் அந்த அறை திறக்கப்பட்டது. 'குழந்தைகள் இல்லம்' என்பது அதன் பெயர்.

இதனைப் படிக்கும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஆயாக் கொட்டகை நினைவுக்கு வராமல் இராது. முன்னாளில் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று, தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரக் காட்டுக்கு ஓடிய தாய்மார் எத்தனை பேர்! உலகம் போற்றும் கல்விமுறை அரண்மனையில் பிறக்கவில்லை. ஏறக்குறைய அத்தகைய ஓர் ஆயாக் கொட்டகையில்தான் பிறந்தது. அங்கே அம்மையார் நியமித்த முதல் ஆசிரியையும் பயிற்சி பெற்றவர் அல்லர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று வந்த நம் போன்றோர்க்கு இச்செய்தி சற்றே நாணத்தைத் தருவதுதான்.

அங்கு நடந்தவற்றுள் ஒன்றைக் கூறுவோம். ஒரு நாள் அம்மையார் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்தும் முறையைக் கற்பித்தார். கைக்குட்டையை எவ்வாறு மடிப்பது, ஓசையின்றி எவ்வாறு துடைப்பது என்று பொறுமையுடன் செய்து காட்டினார். பாடம் முடிந்ததும் குழந்தைகள் கைதட்டி ஆரவாரம் செய்தனர். மூக்குச் சிந்துவதற்குக் கைதட்டலா என்று அம்மையாரே வியந்தார். பின்னர்தான் காரணம் விளங்கியது. 'மூக்கைப் பார், அசிங்கம்' என்று அப்பிள்ளைகளை எல்லாரும் ஏசியிருந்தனர். எப்படித் துடைப்பது என்று ஒருவரும் இழிவுபடுத்தாமல் கற்றுக் கொடுத்ததில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கும் மானம் உண்டு என்பதை அம்மையார் அன்று கண்டுகொண்டார்.

மற்றொரு நாள் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை வகுப்பறைக்கு எடுத்து வந்து, 'இப்பாப்பா எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள். உங்களால் இவ்வாறு இருக்க இயலுமா?' என்னும் பொருள்பட வேடிக்கையாகக் கேட்டார். குழந்தைகள் கைகால் அசையாமல், மூச்சுவிடும் ஓசையும் கேளாதபடி அமர்ந்துவிட்டனர். பிரம்பு இல்லை, அதட்டல் இல்லை. அன்றிலிருந்து மௌனம் அவ்வகுப்பில் ஒரு விளையாட்டாயிற்று. மாணவர்களே! அச்சத்தால் வாய்மூடி இருப்பதும், தாமே விரும்பி அமைதி காப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிய வேண்டுமாயின், ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே சென்றபின் நடப்பதைக் கவனித்தால் போதும்.

அவ்வகுப்பில் ஒவ்வொரு கற்றல் கருவியும் ஒன்றே ஒன்றுதான் வைக்கப்பட்டது. பணமில்லாக் குறையால் அன்று. வேண்டுமென்றே அவ்வாறு வைத்தனர். தோழன் கையில் இருப்பதைப் பிடுங்காமல், அவன் முடித்துத் திரும்ப வைக்கும்வரை மற்றவன் காத்திருக்க வேண்டும். அடுத்தவன் வேலைக்கு மதிப்புக் கொடுக்கும் பழக்கம் அறிவுரையால் வரவில்லை. காத்திருந்து காத்திருந்து வந்தது. மூத்த பிள்ளைகளும் இளைய பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்தமையால், தெரிந்தவர் தெரியாதவர்க்குக் காட்டிக் கொடுத்தனர். பரிசுப் பதக்கமும் தண்டனையும் அங்குப் பயனற்றுப் போயின. நன்னடத்தைக்காக ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பதக்கத்தை, தண்டனையாக நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட மற்றொரு பிள்ளை அணிந்துகொண்டு சும்மா அமர்ந்திருந்ததாம்! கொடுத்தவனுக்கும் அதனால் வருத்தமில்லை. வேலையே அவனுக்கு இன்பமாக இருந்தது. பரிசளிப்பு விழாப் படங்கள் நிறைந்த இம்மலரில் இதனை எழுதுவது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். எனினும் உண்மையை எழுதத்தானே வேண்டும்.

குழந்தைகள் இல்லம் தோன்றி ஏழாண்டுகளில், 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. வீடிழந்தும் பெற்றோரை இழந்தும் மிரண்டு நின்ற குழந்தைகளின் உள்ளப் புண்ணை ஆற்றுவதற்கு, காயம்பட்ட வீரர்க்குச் செஞ்சிலுவைச் சங்கம் இருப்பதுபோல, 'வெண்சிலுவை' என்னும் அமைப்பு வேண்டும் என்று 1917இல் அம்மையார் வேண்டினார். அம்முயற்சி எண்ணியவாறு கைகூடவில்லை. ஆயினும் குழந்தையையும் போரையும் சேர்த்து எண்ணும் சிந்தனை அவரை விட்டு அகலவில்லை.

ஈண்டு ஒரு செய்தியை மறைத்தல் ஆகாது. 1924 முதல் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் ஆதரவை அம்மையார் தம் பள்ளிகளுக்கு ஏற்றுக்கொண்டார். இதனைக் குறை கூறுவோர் இன்றும் உளர். அக்குறையில் நியாயம் இல்லை என்று நாம் கூறமாட்டோம். ஆனால் பிள்ளைகளைப் படைவீரராக வார்க்க விரும்பிய ஆட்சியும், பிள்ளையின் மனத்தை விடுதலை செய்ய விரும்பிய ஆசிரியையும் நெடுநாள் ஒரே பாதையில் செல்ல இயலுமா? 1934இல் அம்மையார் தாய்நாட்டைத் துறந்தார். அவர்தம் முறையில் நடந்த பள்ளிகள் அங்கு மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அவை மூடப்பட்டன.

இதற்கு முன்பே, 1932இல், ஜெனீவா நகரில் அம்மையார் அமைதி குறித்து ஆற்றிய சொற்பொழிவு புகழ் பெற்றது. போரை அவர் கொள்ளைநோய்க்கு ஒப்பிட்டார். பிளேக் என்னும் நோயால் பல நூற்றாண்டுகள் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். கடவுளின் சினம் என்றனர் சிலர். கெட்ட காற்று என்றனர் சிலர். கண்ணுக்குப் புலப்படாக் கிருமியே காரணம் என்று அறிந்தபின்தான் அதனைத் தடுக்க வழி பிறந்தது. போருக்கும் அவ்வாறே கண்ணுக்குத் தெரியாத காரணம் உண்டு. அதனைக் கண்டறியும் விஞ்ஞானம் இன்னும் பிறக்கவில்லை என்பது அவர் வருத்தம். போர்க்கருவிகளைச் செய்யும் கலைக்கு எத்தனை அறிஞர்கள்! அமைதியை ஆராய்வதற்கு எத்தனை பேர்?

அக்கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது? வீட்டிலும் பள்ளியிலும் என்றார் அம்மையார். பெரியவர் வலியவர்; குழந்தை மெலியது. தம்மினும் மெலியோரை அடக்கும் முதற்போர் அங்கேதான் நடைபெறுகிறது. நமக்கு இது புரியாத தத்துவம் அன்று. முன்னாளில் நம் தோட்டங்களில் துரை கிராணியைக் கடிந்துகொள்வார். கிராணி கங்காணியை ஏசுவார். கங்காணி தொழிலாளியின் மீது பாய்வார். தொழிலாளி மாலையில் வீடு திரும்பித் தம் பிள்ளையை அடிப்பார். அப்பிள்ளையோ தன் தம்பியின் தலையில் குட்டுவான். தம்பி வாசலில் படுத்திருக்கும் நாயின் மேல் கல்லெறிவான். இச்சங்கிலியில் ஒவ்வொருவர்க்கும் தமக்குக் கீழ் ஒருவர் வேண்டியிருந்தது. அடிக்கு அஞ்சிப் பணிந்து பழகிய பிள்ளை, வளர்ந்தபின் உரக்க ஆணையிடும் எவனுக்கும் பணியும் என்று அம்மையார் எச்சரித்தார். அவர் அஞ்சியதற்கு ஏற்பவே, ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோர் சர்வாதிகாரிகளின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் போர்க்களம் சென்றனர்.

'அடியாத மாடு படியாது. பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுவதா?' என்று பெற்றோர் சிலர் கேட்பர். அம்மையார் அவ்வாறு கூறவில்லை. பிறரைத் துன்புறுத்தும் செயலையும், பிறர் வேலையைக் கெடுக்கும் செயலையும் ஆசிரியர் உடனே தடுத்தாக வேண்டும் என்பதே அவர் கொள்கை. கட்டுப்பாடு வேண்டும், அது பிள்ளையின் உள்ளிருந்து வளர வேண்டும். இதற்கு நாள் ஆகும். பிரம்பு விரைவில் பயன் தரும். அதனால்தான் அதனைக் கைவிடுவது அரிது.

1936இல் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, பார்சலோனாவில் இருந்த அம்மையார் அங்கிருந்தும் வெளியேற நேர்ந்தது. ஹாலந்து நாடு அவருக்குப் புகலிடம் தந்தது. அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரிலும், 1937இல் கோப்பன்ஹேகன் நகரிலும் நடந்த மாநாடுகளில் அமைதிக்குக் கல்வியே வழி என்று முழங்கினார். அரசுகள் படை திரட்டிக்கொண்டிருந்த காலத்தில் கேட்போர் எத்தனை பேர் இருந்திருப்பர்!

1939ஆம் ஆண்டு நவம்பரில், 69 வயதில், அடையாற்றுப் பிரம்ம ஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் சென்னை வந்து சேர்ந்தார். ஏறத்தாழ 300 பேர் பயிற்சிக்குக் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் உரைப்பார். மகன் ஆங்கிலத்தில் பெயர்ப்பார். சில திங்களில் திரும்புவதாக வந்தவர், போரால் 1946 வரை ஐரோப்பா திரும்ப இயலவில்லை. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு தாயையும் மகனையும் பகைநாட்டார் எனக் கருதியது. மரியோ தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அம்மையார் சபையின் வளாகத்தை விட்டு வெளிச்செல்லத் தடை விதிக்கப்பட்டது. அமைதியைப் பேசியதற்காகச் சொந்த நாட்டை இழந்தவர், அதே நாட்டில் பிறந்ததற்காக அயல்நாட்டில் காவலில் வைக்கப்பட்டார். போர் செய்யும் விந்தை இது! அவ்வாண்டு ஆகஸ்டு 31, அம்மையாரின் 70ஆம் பிறந்த நாள். அன்று அரசப் பிரதிநிதி அனுப்பிய பிறந்தநாள் பரிசு, மகனின் விடுதலையாகும்.

பின்னர்க் கொடைக்கானல் மலையில் ஏறத்தாழ ஈராண்டுகள் தங்கினார். உலகெங்கும் குண்டு வீழ்ந்துகொண்டிருந்த அந்நாட்களில், அவர் அங்குச் சிறுவர்களுக்குச் செடிகொடிகளையும், பூமியின் கதையையும், மனித குலத்தின் கதையையும் கற்பித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு, நீர், மண், புழு, மனிதன் யாவும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதைப் பிள்ளை கண்ணால் கண்டு உணர வேண்டும். தான் உண்ணும் உணவுக்குப் பின்னால் முகமறியா உழைப்பாளர் எத்தனை பேர் உளர் என எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அப்பாடத்தின் கரு. நம் பிள்ளைகளுக்கு இதனைக் கற்பிப்பது எளிது. தாத்தா மங்கில் சேர்த்த பால் எந்தெந்த நாட்டு வண்டிக்குச் சக்கரமாயிற்று, எந்தெந்த மருத்துவர்க்குக் கையுறையாயிற்று என்று ஒரு பாடவேளை பேசினால் போதும். அப்பொருளைப் பயன்படுத்தியவன் தாத்தாவின் பெயரை அறியான். தாத்தாவும் அவனை அறியார். ஆயினும் இருவர்க்கும் இடையே உறவு உண்டு. இந்த உறவை உணர்ந்த பிள்ளைக்கு, முகமறியாதவனைப் பகைவன் என்று கற்பிப்பது கடினம்.

இந்தியாவிலும், 1944இல் இலங்கையிலும் அம்மையார் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. பதக்கத்தைப் பொருட்படுத்தாத அந்தச் சான் லோரன்சோப் பிள்ளைகளின் ஆசிரியை அதனால் மனம் தளர்ந்ததாகத் தெரியவில்லை. 1950இல், ஏறத்தாழ 80 வயதில், புளோரன்ஸ் நகரில் நடந்த யுனெஸ்கோ பொது மாநாட்டில் பேசினார்.

1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் அம்மையார் காலமானார். அங்கேயே அவருடைய கல்லறை உள்ளது. மனிதரிடையேயும் உலகிலும் அமைதியைக் கட்டி எழுப்பத் தம்முடன் சேருமாறு குழந்தைகளை வேண்டும் வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அரசரையோ அமைச்சரையோ அவ்வாசகம் அழைக்கவில்லை. அவரைத் துறக்கச் செய்த இத்தாலி, 1990இல் தன் 1000 லீரா பணத்தாளில் அவர் உருவத்தை அச்சிட்டது. பின்புறத்தில் படித்துக்கொண்டிருக்கும் இரு குழந்தைகளின் படம். 2002இல் யூரோ வரும்வரை அத்தாள் புழக்கத்தில் இருந்தது. அந்நாட்டுப் பணத்தாள்களிலேயே மதிப்பில் மிகச் சிறியது அது. ரொட்டிக் கடைகளிலும் காய்கறிச் சந்தைகளிலும் தொழிலாளர் கைகளில் கசங்கியபடி அது சுற்றி வந்தது.