மழை கழுவிவிடும் என்கிறவர்களுக்கு

கேரள எல்லையில், மீனாட்சிபுரம் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் போன மாதமும் அதே பேச்சு. "ஏனுங்க, கம்பெனி மூடி இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. எத்தன மழ பேஞ்சிருக்கு. இன்னுமா அந்த வெசம் மண்ணுல கெடக்கும்?" கேட்டவர் தென்னந்தோப்புக்காரர். பெருமாட்டி பஞ்சாயத்தில் இரண்டு ஏக்கருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர். மண் பரிசோதனைக் கூடத்திலேயே என் வேலைக்காலம் முழுதும் போயிற்று. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. மழை கழுவாது. கழுவியிருக்கும் என்று நம்பி யாரும் காசைக் கொட்ட வேண்டாம்.

அதே பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடாவில் கோகோ கோலா ஆலை 2000ல் ஓடத் தொடங்கியது. 2002 ஏப்ரல் 22ல் மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. கிணறு வற்றியதும், தண்ணீரில் பருப்பு வேகாமல் போனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. கசடின் கதையைத்தான் மறந்துவிட்டோம். ஆலையில் மிஞ்சிய கசடு, உரம் என்ற பெயரில் சுற்றுவட்டார வயல்களுக்குப் போனது. 2003ல் பிபிசி வானொலி எடுத்துச் சென்ற மாதிரியில் இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழக ஆய்வகம் காட்மியமும் ஈயமும் இருப்பதைக் கண்டது. நிறுவனம் மறுத்தது. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ கசடை உரமாகக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது.

இலைதழை மக்கும். பூச்சிமருந்துகூட வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். காட்மியம் ஒரு தனிமம். சிதைந்து வேறொன்றாக ஆக அதில் எதுவும் இல்லை. இருக்கிற இடத்தில் இருக்கும், அல்லது இடம் மாறும்.

இந்த ஊர்கள் அடங்கிய சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்து மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். கேரளம் என்றாலே செம்மண்ணும் அடைமழையும் என்று நினைக்கிறோம். இது மழை மறைவுப் பகுதி. பல இடங்களில் கரிசல். சுண்ணாம்புச் சத்து அதிகம். ஒரு பிடி மண்ணில் நீர்த்த அமிலம் நாலு சொட்டு விட்டால் சோடா மாதிரி பொங்கும். அந்தச் சுண்ணாம்பும் களியும் காட்மியத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயிருக்கு அது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் அதே பிடிப்பினால்தான் மழைத் தண்ணீராலும் அதைப் பிரித்து எடுத்துப் போக முடியவில்லை. பெருமழையில் வரப்பு உடைந்து மண்ணே ஓடினால் கூடவே உலோகமும் ஓடும். ஓடிப் போய் எங்கே நிற்கும்? பக்கத்துத் தாழ்ந்த வயலில், குளத்தில். இதைக் கழுவிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

மழையைத்தான் நம்புவேன் என்கிறவர் கொடைக்கானலைப் பார்க்கட்டும். இடுக்கியின் வட்டவடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலை. மழைக்குக் குறைவே இல்லை. அங்கே இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001ல் மூடப்பட்டது. பல மழைக்காலம் கழித்து மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியபோதும் பாதரசம் அங்கேயேதான் இருந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை விடலாமா, இன்னும் குறைக்க வேண்டுமா என்பதுதான் சண்டையே. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் காட்மியம் ஏறிய நெல் வயல்களை மீட்க 1979ல் இறங்கினார்கள், 2012ல்தான் முடித்தார்கள். மழை செய்யும் வேலையாக இருந்தால் 33 வருடம் மண்ணை மாற்றிக்கொண்டு இருந்திருப்பார்களா?

"மண்வள அட்டை இருக்குதுங்களே" என்பார்கள். அந்த அட்டையில் பன்னிரண்டு விவரம் இருக்கும்: தழை, மணி, சாம்பல் சத்துகள், துத்தநாகம், இரும்பு என்று. காட்மியம், ஈயம் என்ற வரியே கிடையாது. கேட்டு, தனியாகக் காசு கட்டிச் செய்ய வேண்டிய பரிசோதனை அது.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா? கிருமி சாகும், உலோகம் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி ஏறத்தான் செய்யும்.

சூரியகாந்தி நட்டால் உறிஞ்சிவிடும் என்பது பாதி உண்மை. பல வருடம் பிடிக்கும். அறுத்த தட்டையை மாட்டுக்கும் போடக் கூடாது, எருக்குழியிலும் போடக் கூடாது.

பொள்ளாச்சிச் சந்தையில் வேறொரு பேச்சு: அந்தப் பக்கத்துக் காய் எல்லாமே விஷமாம். இதுவும் பொய், ஏழை விவசாயி வயிற்றில் அடிக்கிற பொய். கசடு லோடு இறங்கிய வயல் வேறு, இறங்காத வயல் வேறு. பொதுவாகக் கீரையும் கிழங்கும் காட்மியத்தை அதிகம் இழுக்கும். காயும் பழமும் குறைவு. வயல் வயலாகப் பார்க்காமல் ஒரு பஞ்சாயத்தையே ஒதுக்கி வைக்காதீர்கள்.

இனி ஆலை இடம். 2021ல் அங்கே கொரோனா சிகிச்சை மையம் நடந்தது. சுமார் 35 ஏக்கரையும் கட்டடத்தையும் அரசுக்குத் தர 2023ல் நிறுவனம் முன்வந்தது. மாதிரிப் பண்ணை போடலாம் என்று பேச்சு. கட்டடத்தில் குடோன் வரட்டும், பதப்படுத்தும் கூடம் வரட்டும். சிமெண்ட் தளம் போட்டு மூடுவது முறையான ஒரு தீர்வுதான். மண்ணை முழுக்கச் சோதிக்காமல் அங்கே கீரைப் பாத்தி மட்டும் போடாதீர்கள். ஆலையால் ஊருக்கு வந்ததாக 2010ல் கேரள அரசின் உயர்நிலைக் குழு கணக்கிட்ட நஷ்டம் 216.26 கோடி ரூபாய். அதை வாங்கித் தர 2011ல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2025ல் மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கென்றே விதிகள் கொண்டுவந்திருக்கிறது. கெடுத்தவரே சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்கிறது. ஆலை வளாகத்தோடு நிற்காமல் கசடு போன வயல்களும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும்.

அதற்கு எந்த வயல் என்று தெரிய வேண்டுமே! நான் வருடக்கணக்கில் கத்துவது இதைத்தான். வில்லேஜ் ஆபீஸில் தண்டப்பேர் எண்ணைச் சொன்னால் நிலம் யார் பேரில் இருக்கிறது, எவ்வளவு வரி என்று சொல்கிறார்கள். அந்த நிலத்தில் என்ன கொட்டினார்கள் என்று எழுத ஒரு கட்டம் இல்லை. கசடு இறக்கிய டிராக்டர் டிரைவர்களுக்கும் வாங்கிய விவசாயிகளுக்கும் வயதாகிறது. அவர்கள் இருக்கும்போதே கிராமசபையில் உட்கார வைத்து, சர்வே எண் வாரியாக எழுதி வாங்குங்கள்.

தோப்புக்காரரிடம் அட்வான்ஸை நிறுத்தச் சொன்னேன். மண் எடுக்கும்போது தகர வாளி ஆகாது. அதன் பூச்சிலிருந்தே உலோகம் ஒட்டும். பிளாஸ்டிக் வாளி, துருப்பிடிக்காத கொத்து. வயலில் பத்துப் பதினைந்து இடத்தில், மேல் சருகைத் தள்ளிவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டிச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரமும் எருக்குவியல் கிடந்த இடமும் வேண்டாம். திங்கட்கிழமை வாளியோடு வருகிறேன் என்றிருக்கிறார்.