இயந்திரம் படிக்கும் குறிப்பேடு

நிரல் எழுதுவது ஒரு வேலை. எழுதிய நிரலைப் பலரும் பயன்படுத்தும் கணினிகளில் ஏற்றி, பழையதை விலக்கிப் புதியதை ஓடவைப்பது மற்றொரு வேலை. இரண்டாவதை டெப்ளாய்மெண்ட் என்பர்; இக்கட்டுரையில் களமிறக்கம் என வழங்குவேன். இதற்கெனத் தனிக் கருவிகள் உண்டு. 2014-இல் வெளிவந்த குபெர்னெட்டஸும் டெராஃபார்மும் அவற்றுள் பெயர் பெற்றவை. முன்னதன் பெயர் கிரேக்க மொழியில் மீகாமன் என்று பொருள்படும்.

இக்கருவிகளின் குறிப்பேடுகளை மனிதர் படித்தனர், மனிதரே கட்டளையிட்டனர். இன்றோ செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் நிரல்கள் குறிப்பேட்டைத் தாமே படித்துத் தாமே கட்டளையிடுகின்றன. வாசகர் மாறிய பின்னர் எழுத்து மட்டும் பழையபடி இருக்கலாமா?

நம் வீட்டுச் சமையற் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்றிருக்கும். நாக்கு இருப்பதால் நாம் பிழைத்துக்கொள்கிறோம். (விடுதிக் கெட்டிலில் ரசம் வைத்துப் பார்த்த நண்பர்கள் இதையும் மறுக்கக்கூடும்!) களமிறக்கக் குறிப்பேடுகளிலும் இத்தகைய வாசகங்கள் மலிந்துள்ளன. "எல்லாம் சரியாக உள்ளதா எனப் பார்த்து மேலே செல்க" என்பர். எது சரி என்பதை அனுபவமுள்ள பொறியாளர் திரையைக் கண்டே உணர்வார். முகவரோ, சொல்லாமல் விட்டதை ஊகத்தால் நிரப்பும்.

ஓர் எடுத்துக்காட்டு. குபெர்னெட்டஸில் "அப்ளை" என்று கட்டளையிட்டால், "கான்ஃபிகர்ட்" என்ற விடை நொடிப்பொழுதில் வரும். அதற்கு, விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்பதே பொருள். புதிய நிரல் ஓடுகிறது என்பது பொருளன்று. காத்திருப்போர் பட்டியலில் சீட்டு வாங்கிவிட்டு, படுக்கை கிடைத்துவிட்டதென்று பெட்டி கட்டுவதை நிகர்க்கும் இம்மயக்கம். உண்மை நிலையை அறிய "ரோல்அவுட் ஸ்டேட்டஸ்" என்ற வேறு கட்டளை வேண்டும். இயல்பான அமைப்பில், 600 வினாடி முன்னேற்றமின்றிக் கழிந்தால் அது தோல்வி என அறிவிக்கும். அப்போதும் குபெர்னெட்டஸ் தானாகப் பழைய நிரலுக்குத் திரும்பாது. "ரோல்அவுட் அன்டூ" எனச் சொன்னால்தான் திரும்பும். இம்மூன்றையும் ஒரே இடத்தில், எது வெற்றிக்கு அடையாளம் என்ற விளக்கத்தோடு எழுதாத குறிப்பேடு, முகவரை முதற்படியிலேயே "முடிந்தது" என்று சொல்லவைக்கும்.

டெராஃபார்மில் சிக்கல் வேறு வகையானது. ஒரு கட்டளை முடிந்ததும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். சுழியம் வெற்றி, மற்றவை தோல்வி என்பது பொது மரபு. ஆனால் "பிளான்" கட்டளையை விரிவான முடிவெண் கேட்டு இயக்கினால், 0 என்பது மாற்றம் ஏதுமில்லை, 1 என்பது பிழை, 2 என்பது திட்டம் சரியாக முடிந்தது, செய்யவேண்டிய மாற்றங்கள் உள்ளன என்று பொருள்படும். இதை அறியாத முகவர் வெற்றியைத் தோல்வியாகக் கொண்டு, கெடாத ஒன்றைப் பழுதுபார்க்கத் தொடங்கலாம். குறிப்பேட்டில் ஒரு வரி போதும். அவ்வரிதான் பெரும்பாலும் இருப்பதில்லை.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்கிறது நன்னூல். அவற்றுள் ஒன்று, கூறியது கூறல். இங்கே மட்டும் பவணந்தியாரோடு மாறுபடத் துணிகிறேன். முகவர் பெரும்பாலும் முழு நூலையும் படிப்பதில்லை. தேடிக் கிடைத்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. முன்னுரையில் எழுதிய எச்சரிக்கை அதன் கண்ணில் படாமலே போகலாம். ஒரு நேம்ஸ்பேஸை அழித்தால் அதனுள் உள்ள அனைத்தும் அழியும் என்பதை, அக்கட்டளை வரும் ஒவ்வோரிடத்திலும் அதன் பக்கத்திலேயே திரும்ப எழுத வேண்டும். குன்றக் கூறலும் மாறுகொளக் கூறலும் மட்டும் முன்னிலும் கொடிய குற்றங்களாகிவிட்டன. பழைய பதிப்பின் பக்கமும் புதிய பதிப்பின் பக்கமும் முரணினால், மனிதர் தேதியைப் பார்ப்பார். பதிப்பெண்ணைப் பக்கத்திலேயே பொறிக்காவிட்டால் முகவர் எதைக் கொள்ளும் என்று யார் சொல்ல முடியும்?

எங்கள் துறையின் கணினித் தொகுப்புக்கு இத்தகைய குறிப்பேடு எழுதுவோருள் நானும் ஒருவன். அதில் ஆய்வு மாணவர்களின் கணக்குகள் நாட்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தவறான அழிப்பு, ஒருவரின் ஒரு வார உழைப்பை விழுங்கும். ஆகவே எழுத்தை மட்டும் நம்புவதில்லை என முடிவு செய்தோம். குறிப்பேடு வழிகாட்டுமேயன்றிப் பூட்டாகாது. அழிக்கும் உரிமையை முகவருக்கு வழங்காதிருக்கக் குபெர்னெட்டஸிலேயே வழி உண்டு, அவ்வாறே செய்துள்ளோம். டெராஃபார்மிலும், திட்டத்தைக் கோப்பாகச் சேமித்து, மனிதர் ஒருவர் பார்த்த பின்னரே அக்கோப்பை நிறைவேற்றச் சொல்கிறோம்.

1971 நவம்பரில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் வெளியிட்ட யுனிக்ஸ் கையேட்டில், கட்டளையின் பயனைச் சொன்னதோடு நில்லாமல் "குறைகள்" என்றொரு தலைப்பும் வைத்திருந்தனர். தம் கருவியின் பழுதைத் தாமே எழுதிவைத்த நேர்மை அது. பிற்காலக் குறிப்பேடுகள் பலவற்றில் அப்பகுதியைக் காணோம். எங்கள் குறிப்பேட்டில் அதை மீண்டும் சேர்த்திருக்கிறோம். இப்போதைக்கு அதுவே மிக நீண்ட பகுதி.