முதியோர் இல்லமும் வாழ்க்கைத் தரமும்

வாழ்க்கைத் தரம் என்றவுடன் நம்மில் பலருக்கு வருமானமும் வீடும் வாகனமுமே நினைவுக்கு வருகின்றன. பொருளாதாரப் பாடத்தில் நாம் அவ்வாறுதான் படிக்கிறோம். ஆனால் தள்ளாத வயதில் சொந்த வீட்டை விட்டு, முதியோர் இல்லத்தில் வந்து தங்கியிருக்கும் ஒருவருக்கு வாழ்க்கைத் தரம் என்பது யாது? வேளைக்குச் சோறு, படுக்கக் கட்டில், காய்ச்சல் வந்தால் மாத்திரை. இம்மூன்றும் கிடைத்துவிட்டால் போதுமா?

1990-களில் உலக சுகாதார நிறுவனம் இவ்வினாவை ஆராய முற்பட்டது. தாம் வாழும் பண்பாட்டுக்குள் நின்று, தம் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் கொண்டு, தம் வாழ்வைத் தாமே எவ்வாறு மதிப்பிடுகிறார் என்பதே வாழ்க்கைத் தரம் என அது வரையறுத்தது. ‘தாமே’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். இல்லத்தின் நிர்வாகியோ, மருத்துவரோ, மகனோ மதிப்பிடுவதன்று. இதற்கான வினாப் பட்டியலை உருவாக்கிய 15 உலக மையங்களுள் நம் சென்னையும் ஒன்று என்பது நாம் மகிழத்தக்க செய்தி. முதலில் 100 வினாக்களாக இருந்தது பின்னர் 26 ஆகச் சுருக்கப்பட்டது. முதியோருக்கென்றே தனியாக 24 வினாக்கள் பிறகு வந்தன. கண், காது முதலிய புலன்களின் நிலை, தம் காரியத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமை, செய்வதற்கு வேலை, பிறரோடு கலந்து பழகுதல், இறப்பைப் பற்றிய எண்ணம், மனத்திற்கு நெருக்கமான துணை ஆகியவற்றை அவை கேட்கின்றன.

நம் நாட்டுச் சட்டம் என்ன கூறுகிறது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ஆம் ஆண்டு நிறைவேறியது. வறிய முதியோர் 150 பேராவது தங்கக்கூடிய இல்லத்தை, மாவட்டத்திற்கு ஒன்றாகத் தொடங்கிப் படிப்படியாக மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. (அமைக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அமைக்கலாம்!) மருத்துவ வசதி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான தரத்தை வகுக்கவும் அதே பிரிவு இடமளிக்கிறது. கட்டில்களை எண்ணிவிடலாம், தொலைக்காட்சிப் பெட்டியையும் எண்ணிவிடலாம். தம் காரியத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமையை எப்படி எண்ணுவது?

நம் கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். பண்ணைப்புரம் என்றால் இளையராஜா பிறந்த ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஊரிலிருந்தும், அடுத்துள்ள கோம்பை, தேவாரம் பக்கத்திலிருந்தும் ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அப்படி நாற்பது ஆண்டுகள் போய் வந்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். கருக்கலில் எழுந்து, உலை வைத்து, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு போனவர். களை எடுத்து, காய் எடுத்து, மாலையில் திரும்பி வந்து கோழியை அடைத்தவர். சம்பளப் பணத்தில் எது யாருக்கு என்பதை அவரே முடிவு செய்தார்.

இன்று அவர் ஓர் இல்லத்தில் இருக்கிறார். நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கதவு திறப்பது ஆறு மணிக்கு, காப்பி ஆறரைக்கு. குழம்பில் காரம் போதவில்லை, யாரும் கேட்கவில்லை. வெங்காயம் உரிக்கலாமென்று சமையற்கட்டுப் பக்கம் போனால், “நீங்க உக்காருங்க பாட்டி, நாங்க பாத்துக்கிறோம்” என்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். துன்பமே அங்குதான் இருக்கிறது.

இந்த அன்பைத்தான் 1976-இல் அமெரிக்க உளவியலார் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் சோதித்தனர். கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு மாடியில் இருந்தோரிடம், “உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு” என்னும் பொருள்படச் சொல்லி, விரும்பிய செடியைத் தேர்ந்து வளர்க்கவும், எந்த இரவில் படம் பார்ப்பது என்று முடிவு செய்யவும் விட்டனர். மற்றொரு மாடியில் இருந்தோருக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியர் பார்த்துக்கொள்வர் என்றார்கள். மூன்று வாரங்களில் முதற்குழுவினரிடம் சுறுசுறுப்பும் கலகலப்பும் கூடின. பதினெட்டு மாதங்களில் முதற்குழுவில் 15 விழுக்காட்டினரும், மற்றதில் 30 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். இந்த இறப்புக் கணக்கை மட்டும் எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். குழுக்கள் சிறியவை, புள்ளியியலில் நேர்ந்த பிழையை ஆய்வாளர்களே பின்னர் திருத்தி வெளியிட்டனர். ஆயினும் சுறுசுறுப்பைப் பற்றிய முடிவு பொருட்படுத்தத்தக்கதே. ஒரு தொட்டிச் செடிக்கே இவ்வளவு என்றால், ஆயுள் முழுதும் செடியோடு வாழ்ந்த நம் பள்ளத்தாக்கு மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இங்கு ஆய்வு மாணவருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வினாப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய், “உங்கள் வாழ்க்கையில் நிறைவாக இருக்கிறீர்களா?” என்று கேட்டால், “ஒரு குறையுமில்லப்பா, சோறு போடுறாங்கல்ல” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். உண்ட வீட்டைக் குறை கூறலாகாது என்னும் பண்பு ஒரு காரணம். சொன்னால் நாளை என்ன ஆகுமோ என்னும் அச்சம் மற்றொன்று. வாழ்நாள் முழுதும் கொஞ்சமே எதிர்பார்த்துப் பழகிய மனம், கொஞ்சம் கிடைத்தாலே நிறைவு என்று எழுதிக்கொள்ளச் சொல்லும். அட்டவணையில் அது உயர்ந்த மதிப்பெண்ணாகப் பதிவாகிவிடும்.

ஆதலின் நிறைவைக் கேட்பதோடு நிகழ்ச்சியையும் கேட்க வேண்டும், பணியாளர் அருகில் இல்லாத வேளையில். நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? அந்த நேரத்தை யார் வைத்தது? உங்கள் கையால் நேற்று என்ன வேலை செய்தீர்கள்? ஊருக்கு ஒரு நாள் போய்வர வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும், கடைசியாக எப்போது கேட்டீர்கள்?