பனிக்காலத்தில் சாளைக்குத் தீ ஆபத்து

மார்கழி, தை மாதங்களில் சத்தியமங்கலம் வட்டாரத் தோட்டங்களில் பொழுது சாய்ந்தால் பனி இறங்கும். கொசுவை விரட்ட மாட்டுச் சாளையில் மூட்டம் போடுவது வழக்கம். ஓலை, கரும்புச் சோகை வேய்ந்த கூரைக்கு ஒரு பொறி போதும். கட்டிப் போட்ட மாடு தீயைக் கண்டும் ஓட முடியாது.

எனவே மூட்டத்தைக் கூரைக்கு வெளியே, குழியில் போடவேண்டும். பச்சை வேப்பந்தழையால் மூடினால் புகை வரும், தீ எழும்பாது. காற்று பலமானால் மூட்டம் வேண்டாம். படுக்கும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறிப் பார்ப்பது அவசியம். அடுப்புச் சாம்பலிலும் கங்கு மறைந்திருக்கும். நீர் தெளித்த பிறகே குப்பையில் கொட்டவேண்டும்.

சோளத்தட்டு, வைக்கோல் போர்களை வீட்டையோ சாளையையோ ஒட்டி அமைக்கக்கூடாது. மின்கம்பிக்கு அடியிலும் கூடாது. நன்றாகக் காய்ந்த பின்பே போர் போடவேண்டும். ஈரத்தோடு போட்டால் உள்ளே சூடேறித் தானே பற்றிக்கொள்வதும் உண்டு.

மாடுகளை இழுத்தவுடன் அவிழும் உருவு முடிச்சில் கட்டுவது நல்லது. கயிற்றை அறுக்க அரிவாள் ஒன்று கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். தொட்டியில் இரவிலும் தண்ணீர் இருக்கவேண்டும்.

தீப்பிடித்தால் முதலில் ஆட்களை வெளியேற்றி, உடனே 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழைக்கவேண்டும். கூரை முழுதும் பற்றிவிட்டால், மாட்டுக்காகவும் உள்ளே நுழையக்கூடாது.